ஏகாதசியன்று கேட்ட கேள்வி

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்,
கொல்லம் 1112 விருச்சிகம் 22

சிரஞ்சீவி சேஷனுக்கு பாகீரதி அத்தை அநேக ஆசீர்வாதம். பத்மநாபன் புண்ணியத்தில் இங்கே நான், ராமசுப்பு, என் மாட்டுப்பெண் விஜயம் எல்லாரும் சௌக்கியம். நாகர்கோவில் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா, ஓட்டல் சாம்பாரில் வயிற்றைக் கெடுத்துக்கொண்டாயா, உன் கார்டில் அதற்கு ஒரு வரி இல்லை. உன் அப்பாவும் இப்படித்தான். என் அண்ணா கார்டு எழுதினால் விலாசம்தான் நீளமாக இருக்கும்.

சங்கதி என்னவென்றால், தெருவில் இருக்கவே பயமாயிருக்கிறது. கோயில் நடையை எல்லா ஜாதிக்கும் திறந்துவிட்டதாக மகாராஜா விளம்பரம் போட்டு மாசம் ஒன்று ஆகப்போகிறதே, அன்றையிலிருந்து பழவங்காடி தொட்டு நம்ம தெரு வரைக்கும் ஜனம். போன வாரம் எதிராத்து சரஸ்வதியம்மாள் வாசலில் வைத்த பித்தளைச் செம்பைக் காணோம். விஜயம் பகலிலேயே கதவைத் தாழ் போடுகிறாள்.

நான் யாரையும் குறை சொல்லவில்லை. நம்ம கொல்லையில் தேங்காய் பறிக்கிற திரவியம்கூட முதல் நாளே உள்ளே போய் சேவித்துவிட்டு வந்தானாம். இருபது வருஷமாக வருகிறவன். வந்து சொன்னான்: “மூணு வாசல்லயும் நின்னு பாத்தேம்மா. மொத வாசல்ல முகம், நடு வாசல்ல நாபி, மூணாம் வாசல்ல பாதம். பாதத்தைக் கண்டதும் எனக்குக் காலு ரெண்டும் ஒதறிட்டு. மரமேறுத காலு, ஒருநாளும் ஒதறுனதில்ல.” கேட்ட எனக்கே கண் கலங்கிற்று. அப்படிப்பட்டவன் வரட்டும். ஆனால் கூட வருகிற நூறு பேர் யார் எவர் என்று யார் கண்டார்கள்?

நீ பேப்பர் ஆபீசில் வேலையாயிருந்து எங்களுக்கு என்ன பிரயோஜனம்? நம்ம தெருவுக்கு ரோந்து சுற்ற ஒரு பாராக்காரனைப் போட வேண்டும் என்று பலமாக எழுது. உப்பும் புளியும் தூக்கலாகவே போடு. சப்பென்று இருந்தால் சர்க்கார் நாக்கில் படாது.

அத்தை


வடிவீஸ்வரம், நாகர்கோவில்,
விருச்சிகம் 28

அத்தைக்கு சேஷன் அநேக நமஸ்காரம்.

நீங்கள் கேட்டதற்கு மேலேயே செய்திருக்கிறேன். இந்த வார ‘தென்முனைத் தூத’னில் முதல் பக்கம்: ‘கோட்டை வாசலில் கொள்ளையர்! உறங்குகிறதா போலீஸ்?’ எங்கள் ஆசிரியர் ஞானசிகாமணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு இரண்டாம் தரம் படித்தார். அவர் எதையும் இரண்டாம் தரம் படிக்கிற வழக்கம் கிடையாது.

ஒரு செம்பை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் எழுத முடியும்? ‘பாத்திரங்களும் ஆபரணங்களும்’ என்று போட்டேன். ஆபரணம் எதுவும் போகவில்லை என்று எனக்குத் தெரியும். போகக்கூடும் அல்லவா? பேப்பர் முழுவதும் விற்றுவிட்டது. டீக்கடைகளில் ஒருவர் வாசிக்கப் பத்துப் பேர் கேட்கிறார்கள். மேலிடத்திலிருந்து உங்கள் பக்கத்து ஸ்டேஷனுக்கு விளக்கம் கேட்டு ஓலை போயிருப்பதாகக் கேள்வி. ஒரு திருடனையாவது பிடித்துக் காட்டாமல் அவர்களுக்கு இனிச் சோறு இறங்காது.

விஜயம் மன்னியைப் பயப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். ஓட்டல் சாம்பார் மோசமில்லை.

சேஷன்


ஸ்ரீவராகம்,
தனு 12

சேஷா, ஆசீர்வாதம். க்ஷேமம் என்று எழுதக் கை வரவில்லை.

முந்தாநாள் வைகுண்ட ஏகாதசி. ஏகாதசி தோறும் நான் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல், விடிந்ததிலிருந்து மறுநாள் விரதம் முடிக்கிற பாரணை வரைக்கும் மௌனம் இருப்பேன் என்று உனக்குத் தெரியும். பதினைந்து நாள் ஓயாமல் பேசுகிறதற்கு ஒருநாள் பிராயச்சித்தம் என்று உன் அத்திம்பேர் இருந்தவரைக்கும் கேலி பண்ணுவார்.

விஜயம் விடியற்காலையில் பட்டுப்புடவை உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டு வந்து, கூட்டத்து வேர்வை போக மறுபடி கிணற்றடி மறைப்பில் குளிக்கப் போனாள். துவாதசிச் சமையலுக்குத் தேங்காய் வேண்டுமே என்று திரவியத்தை வரச் சொல்லியிருந்தேன். அவன் கொல்லைக் கதவருகே நின்று, “மரம் ஏறுதேன், மரம் ஏறுதேன்” என்று மூன்று தரம் கூவினான். உச்சியிலிருந்து பார்த்தால் நாலு வீட்டுக் கிணற்றடியும் தெரியும். பெண்டுகள் உள்ளே போகட்டும் என்று கூவிவிட்டுத்தான் ஏறுவார்கள். விஜயம் எல்லாவற்றையும் வாரிச் சுருட்டிக்கொண்டு உள்ளே ஓடினாள். நான் பலாமரத்தடியில் நின்று, இரண்டு மரம் போதும் என்று இரண்டு விரலைக் காட்டினேன். அவன் சிரித்தான். “அம்மைக்கு இன்னைக்கு வாய்க்கு லீவா? காக்காய்க்கெல்லாம் நிம்மதி” என்றான். நானும் சிரித்தேன். ஏறினான், பறித்தான், இறங்கினான், காயை என் முன்னால் அடுக்கிவிட்டு வந்த வழியே போனான். கிணற்றடிப் பக்கம் கால் வைக்கவே இல்லை. நான் அவன் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் விஜயம் கழுத்தைத் தடவிக்கொண்டு வந்தாள். சங்கிலியைக் காணோம். எப்போதும்போல் துவைக்கிற கல்மேல் கழற்றி வைத்தேன் என்று சத்தியம் பண்ணினாள். ராமசுப்பு நேராக ஸ்டேஷனுக்குப் போனான். பேப்பரிலேயே எழுதிவிட்டார்கள், இன்னும் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறீர்களே என்று கேட்டானாம்.

ஒரு நாழிகைக்குள் ஒரு கான்ஸ்டபிள் திரவியத்தைக் கூட்டிக்கொண்டு வந்தான். மரமேறக் காலில் மாட்டுகிற தளைக்கயிறு இருக்கிறதே, அதனாலேயே கையைக் கட்டியிருந்தது.

“அம்மை பாத்துக்கிட்டுத்தானே நின்னீங்க. ஒரு சொல்லு சொல்லுங்கம்மா” என்றான்.

கான்ஸ்டபிள் மலையாளத்தில் கேட்டான்: “அம்ம பறயணம். இவன் எடுத்தோ, இல்லையோ?”

நான் விரலை உதட்டில் வைத்தேன். மேலே சுவாமியைக் காட்டினேன். நாளைக்கு என்று கையைத் திருப்பிக் காட்டினேன். அவன் அந்தக் கையைப் பார்த்துவிட்டு, எனக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொண்டான். ராமசுப்பு பக்கத்தில்தான் நின்றான். அம்மா மௌனம் என்று அவன் சொல்லவில்லை. அவனுக்குத் திருடன் கிடைத்துவிட்டான்.

அப்புறம் வீட்டைச் சோதனை போட வந்தார்கள். எங்கே வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று விட்டேன். சமையலுள்ளில் மேலே கட்டியிருக்கிற மடிக்கொடியை மட்டும் தொட விடவில்லை. குளிக்காதவன் கை பட்டால் அத்தனை புடவையும் தீட்டல்லவா? குறுக்கே நின்று இரண்டு கையையும் விரித்தேன். மரியாதையாகப் போய்விட்டார்கள்.

நேற்றுப் பாரணை முடிந்து வாய் திறந்ததும் ராமசுப்புவிடம் சொன்னேன், அவன் எடுக்கவில்லை, நான் சாட்சி என்று. “நீ மரத்தைப் பார்த்திண்டிருந்தே, அவன் கையைப் பார்த்தயா? போலீஸுக்கு அவா காரியம் தெரியும். நீ ஸ்டேஷன் படியேறினா ஆபீஸ்ல நான் தலை நிமிர முடியாது” என்கிறான்.

நீ விசாரித்து எழுது. அவன் பேரைப் பேப்பரில் போட்டுவிடாதே.

அத்தை


நாகர்கோவில்,
தனு 17

அத்தைக்கு நமஸ்காரம்.

உங்கள் கடிதம் வருவதற்கு முன்பே பேப்பர் அச்சேறிவிட்டது. வெட்டி இத்துடன் வைத்திருக்கிறேன்.

‘ஸ்ரீவராகம் திருடன் சிக்கினான். பழைய கேடி திரவியம் குற்றத்தை ஒப்புக்கொண்டான். கடைத்தெருவில் விற்ற சங்கிலியைப் போலீஸார் சாமர்த்தியமாக மீட்டனர். உரியவர் அடையாளம் காட்டினார்.’

உரியவர் என்றால் ராமசுப்பு அத்தான்தான். உங்களிடம் சொல்லவில்லையா?

செய்தி ஸ்டேஷனிலிருந்து வந்த சீட்டில் இருந்தபடிதான். ‘பழைய கேடி’ என்பது மட்டும் சீட்டில் இருந்ததா, நான் சேர்த்ததா என்று இப்போது நினைவில்லை. அச்சுக் கோக்கிறவர் காத்துக்கொண்டிருந்தார்.

நீங்கள் மனசை அலட்டிக்கொள்ள வேண்டாம். சங்கிலி கிடைத்துவிட்டது. செய்யாத குற்றத்தை ஒருவன் ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறான்?

சேஷன்


ஸ்ரீவராகம்,
தனு 26

சேஷா,

ஏன் ஒப்புக்கொள்ளப் போகிறான் என்று கேட்டாயே, பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நேற்று மறுபடியும் ஏகாதசி. நான் மௌனம். விஜயம் குளித்துவிட்டு வந்து, மடிக்கொடியிலிருந்து ஏகாதசிப் பட்டுப்புடவையைக் கோலால் எடுத்தாள். பதினைந்து நாளாக அதை யாரும் தொடவில்லை. உதறினாள். சங்கிலி என் காலடியில் விழுந்தது.

அன்றைக்கு அவன் கூவினதும் பட்டோடு சங்கிலியையும் சேர்த்து வாரிக்கொண்டு ஓடி, அப்படியே கொடியில் போட்டிருக்கிறாள். எப்போதும் கல்மேல் வைக்கிறவள், அதனால் அன்றைக்கும் கல்மேல் வைத்ததாகவே அவளுக்கு நினைவு. அவள் பொய் சொல்லவில்லை. மரியாதைக்காரன் ஒருத்தன் கூவிவிட்டு ஏறினான், அதுதான் அவனுக்கு வினையாயிற்று.

என் வாய் தானாகத் திறந்துகொண்டது. “திரவியம்” என்றேன். முப்பது வருஷத்தில் ஏகாதசியன்று நான் பேசின முதல் வார்த்தை அவன் பேர்.

ஈரப் புடவையோடு ஸ்டேஷனுக்கு நடந்தேன். முக்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். சங்கிலியைக் காட்டினேன். இன்ஸ்பெக்டர் கையில்கூட வாங்கவில்லை. களவு போன சங்கிலி எங்களிடம் இருக்கிறது, உங்கள் மகன் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறார், இது வேறு சங்கிலியாயிருக்கும் என்றார். விஜயத்துக்கு நான் பண்ணிப் போட்டது எனக்குத் தெரியாதா? கொக்கி கழன்றுவிடுகிறதென்று கறுப்பு நூல் சுற்றினவளே நான். அந்த நூல் அப்படியே இருக்கிறது. அப்படியானால் ஸ்டேஷன் பெட்டியில் இருக்கிறது யார் கழுத்துச் சங்கிலி என்று கேட்டேன். அவர் வேறு காகிதத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

வெளியே வருகிற வழியில் கம்பிக்குள்ளே அவனைப் பார்த்தேன். சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். இரண்டு பாதத்திலும் துணி சுற்றியிருந்தது. உள்ளங்காலிலேயே அடித்திருக்கிறார்கள். அவன் என்னைத் திட்டவில்லை சேஷா, திட்டியிருந்தால் தேவலை.

“அம்மை பேசுதீங்களே. இன்னைக்கு ஏகாதசில்லா?” என்றான்.

வீட்டுக்கு வந்து ராமசுப்புவைக் கேட்டேன். இன்ஸ்பெக்டர் நீட்டினார், சங்கிலி மாதிரி இருந்தது, போட்டேன் என்கிறான். இப்போது மாற்றிச் சொன்னால் பொய்க் கையெழுத்து என்று வேலை போய்விடுமாம். விஜயம் சங்கிலியை அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு அழுகிறாள். நான் தோண்டி எடுத்து என் இடுப்பில் முடிந்துகொண்டிருக்கிறேன்.

கேஸ் மகரம் 26-ம் தேதி. அதற்கு முன்னால் நீ எழுத வேண்டும். ‘கோட்டை வாசலில் கொள்ளையர்’ என்று எந்த இடத்தில் போட்டாயோ, அதே இடத்தில், அதே பெரிய எழுத்தில் போடு. சங்கிலி அகப்பட்டது, அவன் எடுக்கவில்லை என்று. வேறொன்றும் வேண்டாம்.

அத்தை


நாகர்கோவில்,
மகரம் 2

அத்தைக்கு,

மூன்று நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

ஆசிரியரிடம் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். இதை மட்டும் அவர் இரண்டாம் தரம் படிக்கவில்லை. மறுத்து எழுதினால் இனி எந்த ஸ்டேஷனிலிருந்தும் சீட்டு வராது என்றார். பேப்பர் நடத்துகிற லைசென்ஸ் சர்க்கார் கையில் இருப்பதை நினைவுபடுத்தினார். வழக்கு நடக்கும்போது எழுதுவது சட்ட விரோதம் என்றும் சொன்னார். அவன்தான் திருடன் என்று எழுதினோமே, அப்போது இந்தச் சட்டம் எங்கே போயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கும் இந்த வேலையை விட்டால் வேறு கதி இல்லை.

நீங்களும் யோசியுங்கள். நீங்கள் கோர்ட்டில் ஏறினால் விழப்போவது அத்தான். திரவியத்துக்கு மிஞ்சினால் மூன்று மாதம். அதுவரைக்கும் அவன் வீட்டுக்கு அரிசி அனுப்ப நான் ஏற்பாடு செய்கிறேன்.

என்னை இவ்வளவு கேட்கிறீர்களே, நானும் ஒன்று கேட்கிறேன். மௌனம் வாய்க்குத்தானே? உங்களுக்கு எழுதத் தெரியும். கூடத்துக் காலண்டர் ஆணியில் எப்போதும் ஒரு பென்சில் தொங்கும், நான் சின்ன வயசில் அதைக் கடித்து உங்களிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். அந்தக் கான்ஸ்டபிள் கேட்டபோது, ‘இவன் எடுக்கவில்லை’ என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாமே?

சேஷன்


ஸ்ரீவராகம்,
கும்பம் 11

சேஷனுக்கு ஆசீர்வாதம்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத இத்தனை நாள் ஆயிற்று. பென்சில் என் கண்ணில் பட்டது. கையை நீட்டினால் எட்டும். எழுதினால் விரதம் பாதி போய்விடுமோ என்று நினைத்தேன். நாளைக்குச் சொல்லிக்கொண்டால் போகிறது என்று நினைத்தேன். எனக்கு நாளைக்கு என்பது ஒரு பாரணை. அவனுக்கு அது எத்தனை அடி என்று நான் நினைக்கவில்லை. மறுநாள் வாய் திறந்த பிறகும் ராமசுப்பு சொன்னான் என்று வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேனே, அதற்கு எந்த விரதத்தைக் காரணம் சொல்வேன்?

கோர்ட்டுக்குப் போனேன். திரவியத்தை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். நான் இடுப்பிலிருந்து சங்கிலியை எடுத்து மேஜைமேல் வைத்து, நூலைக் காட்டி, எல்லாம் சொன்னேன். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று மாஜிஸ்டிரேட் கேட்டார். ஏகாதசி, சுவாமிக்காக மௌனம் இருந்தேன் என்றேன். வக்கீல்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வைக்குச் சிரிப்பே மேல்.

திரவியத்தை விட்டுவிட்டார்கள். ராமசுப்புவுக்குத் தவறாக அடையாளம் சொன்னாய் என்று ஒரு கண்டிப்பு, அவ்வளவுதான். வேலை போகவில்லை. ஆனால் அவன் என்னோடு பேசுகிறதில்லை. இலையில் உட்கார்ந்து, மோர் வேண்டுமானால் கையைக் காட்டுகிறான். இப்போது இந்த வீட்டில் மௌனம் அவனுக்கு. இன்ஸ்பெக்டர் அவர் நாற்காலியில் இருக்கிறார். அந்த இன்னொரு சங்கிலி திரும்பவும் பெட்டிக்குள் போய்விட்டது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

போன வாரம் திரவியம் குடிசைக்குப் போய்விட்டு வந்தேன். விழிஞ்ஞம் போகிற வழியில் இருக்கிறது. அவன் குதிகாலை ஊன்றிச் சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறான். முன்பாதம் தரையில் படவில்லை. மரமேற்றம் முடிந்தது. உட்கார்ந்து ஓலை முடைகிறான். அவன் பெண்டாட்டி அம்மிணிதான் பேசினாள். முக்கிலுள்ள டீக்கடையில் உன் பேப்பரை வெட்டிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார்களாம். மகளைப் பார்க்க வந்தவர்கள் அதைப் படித்துவிட்டு வீட்டுக்குள் வராமலே திரும்பிவிட்டார்களாம். “கோர்ட்டு விட்டுட்டு. பேப்பரு விடல்ல” என்றாள். நான் கொண்டுபோன வாழைக்குலையை அவள் உள்ளே எடுத்துவைக்கவில்லை. நான் திரும்புகிறபோதும் அது வாசலிலேயே இருந்தது.

கோயிலுக்குப் போகிறேன். முதல் வாசலிலும் நடு வாசலிலும் நிற்கிறேன். மூன்றாம் வாசலில் நிற்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வந்துவிடுகிறேன்.

நீ கேட்டு வாங்கிக் கொடுத்த பாராக்காரன் வந்துவிட்டான். தெருவில் எல்லாருக்கும் பரம சந்தோஷம், சரஸ்வதியம்மாள் செம்பைத் திரும்ப வாசலில் வைக்கிறாள். மரமேறத்தான் ஒருத்தரும் வருகிறதில்லை. சொல்லியனுப்பினால், அந்தத் தெருவா என்கிறார்கள். நெற்றுத் தேங்காய் தானாகவே விழுகிறது. பாராக்காரன் மேலே பார்த்துக்கொண்டே நடக்கிறான்.

அவன் வந்து போனதற்கு அடையாளமாக ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். புகார் கொடுத்த வீடென்று அதை நம்ம வாசல் கதவிலேயே மாட்டியிருக்கிறார்கள். தினம் இரண்டு வேளை வந்து, விசேஷம் ஒன்றும் இல்லை என்று எழுதி ஒப்பு வைக்கிறான். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்.

நீ உன் பேப்பரில் போடப்போவதில்லை. அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் காலண்டர் ஆணியிலிருந்து பென்சிலை எடுத்துக்கொண்டுபோய், அவன் எழுதினதற்குக் கீழே எழுதினேன்: ‘மரமேறி திரவியம் எடுக்கவில்லை. சங்கிலி எங்கள் வீட்டுக் கொடியில் இருந்தது. கேட்டபோது நான் சொல்லவில்லை. பாகீரதி.’ பாராக்காரன் பதறிப்போய், “அம்மே, இது சர்க்கார் புஸ்தகம்” என்றான். சர்க்கார் படிக்கட்டும் என்றுதான் என்றேன். சனிக்கிழமை இன்ஸ்பெக்டர் அந்தப் பக்கத்தைக் கிழித்தார். ஞாயிற்றுக்கிழமை அடுத்த பக்கத்தில் எழுதினேன். அதையும் கிழிப்பார். புத்தகம் தடியான புத்தகம்.

நேற்று ஏகாதசி. மௌனம்தான் இருந்தேன். இரண்டு வேளையும் எழுதினேன்.

அத்தை